டிராக்டர் சுழல் தண்டின் அதிர்வு: காரணமும் பரிகாரமும்

எருதுகளை மட்டுமே நம்பியிருந்த உழவுத்தொழிலில், டிராக்டரும் அதன் பின்னால் பூட்டப்படும் ரோட்டவேட்டரும் இன்று பெரும்பங்கு கொண்டுள்ளன. டிராக்டரின் பின்புறத்திலுள்ள பி.டி.ஓ. முனையிலிருந்து ரோட்டவேட்டருக்குச் சக்தியைக் கொண்டு செல்வது கார்டன் ஷாப்ட் எனப்படும் சுழல் தண்டாகும். பழைய தண்டு தேய்ந்து போனபின், கடையில் கிடைத்த வேறொன்றை வாங்கிப் பூட்டியதும் யந்திரம் முழுவதும் அதிரத் தொடங்குவதுண்டு. அப்போது புதிய சாமானையே பழிப்பது வழக்கம். ஆயினும், குற்றம் சாமானில் இல்லாமல் பூட்டிய விதத்தில் இருப்பதும் உண்டு. ஆகையால் பணம் செலவிட்டு மற்றொரு தண்டை வாங்குமுன், கீழ்க்கண்டவற்றைச் சோதித்தறிதல் நலம்.

அதிர்வின் மூலகாரணம்

தண்டின் இரு முனைகளிலும் யூனிவர்சல் ஜாயிண்ட் என்னும் மூட்டு ஒவ்வொன்று உண்டு. யோக் எனப்படும் இரு கவைகளும், அவற்றை இணைக்கும் கிராஸும் சேர்ந்ததே ஒரு மூட்டு. மூட்டு வளைந்து நிற்கையில், அதன் ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் அவ்வாறு சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தாமதித்தும் செல்லும். பி.டி.ஓ. நிமிஷத்திற்கு 540 சுற்று சுழல்வதாகவும், மூட்டின் வளைவு 20 பாகை எனவும் கொண்டால், மறுபக்கத்தின் வேகம் 507-க்கும் 575-க்கும் இடையே ஏறி இறங்கும்.

இவ்வேறுபாட்டை ஈடுசெய்வதே இரண்டாவது மூட்டின் வேலை. அது நிறைவேற இரண்டு நிபந்தனைகள் உள்ளன. முதலாவது, நடுத்தண்டின் இரு முனைகளிலுமுள்ள கவைகள் ஒரே நேராக அமைந்திருக்க வேண்டும். இரண்டாவது, இரு மூட்டுகளின் வளைவும் சமமாயிருக்க வேண்டும். கவைகள் ஒன்றுக்கொன்று 90 பாகை திரும்பியிருப்பின், ஈடுசெய்வதற்குப் பதிலாக வேறுபாடு பெருகும். மேற்கண்ட 20 பாகை வளைவிலேயே வேகம் 477-க்கும் 612-க்கும் இடையே அலையும். இந்த உதைப்பு முழுவதையும் பல்சக்கரங்களும் பேரிங்குகளுமே தாங்க நேரிடும்.

சோதிக்கும் முறை

எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்தபின்னரே தண்டினருகே செல்லல் வேண்டும்.

1. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரு பாகங்களையும் கழற்றி மீண்டும் சேர்த்தபின் அதிர்வு தோன்றியிருந்தால், கவைகளின் நேரைப் பார்க்க. சதுரக் கம்பியுள்ள தண்டுகளில் இத்தவறு எளிதில் நேரும். கழற்றுமுன் இரு பாகங்களிலும் சுண்ணாம்பால் அடையாளமிடுதல் சிறந்த வழி.

2. ரோட்டவேட்டரைத் தூக்கும்போது அதிர்ந்து, இறக்கியதும் நின்றால், வளைவுகள் சமமில்லை என்று கொள்க. வேலை செய்யும் நிலையில் பி.டி.ஓ. முனையும் ரோட்டவேட்டரின் முனையும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்குமாறு டாப் லிங்கை நீட்டியோ குறைத்தோ சரிசெய்க. வரப்போரத்தில் திரும்புகையில் அதிக உயரம் தூக்க வேண்டியிருப்பின், முதலில் பி.டி.ஓ.வை நிறுத்துக.

3. எந்த உயரத்திலும் அதிர்வு மாறாதிருந்தால், தண்டைக் கையால் அசைத்துப் பார்க்க. கிராஸில் ஆட்டம் தெரிந்தால் அதை மாற்றுக. குழாய் வளைந்திருந்தால் அதுவும் பயன்படாது. கிரீஸ் இடுவதை மறப்பதே கிராஸ் விரைவில் தேய்வதற்கு முக்கிய காரணம்.

4. தண்டில் குறையொன்றும் இல்லையெனில், ரோட்டவேட்டரின் கத்திகளில் ஏதேனும் உதிர்ந்துள்ளதா, வைக்கோலோ கொடியோ சுற்றியுள்ளதா என்று பார்க்க.

நீளத்தின் அளவு

வேறு யந்திரத்திற்கென அமைந்த தண்டைப் பூட்டுவோர் நீளத்தை அவசியம் அளக்க வேண்டும். இரு முனைகளும் மிக நெருங்கும் நிலையிலும் உட்குழாய் முட்டாமல் 2 அல்லது 3 சென்டிமீட்டர் இடைவெளி இருத்தல் வேண்டும். முட்டினால் டிராக்டரின் பேரிங்கும் ரோட்டவேட்டரின் கியர்ப் பெட்டியும் சேதமடையும். மிகவும் விலகும் நிலையில், குழாயின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருக்க வேண்டும். இல்லையேல் ஓட்டத்திலேயே தண்டு பிரிந்து விழக்கூடும்.

உறையின் அவசியம்

அதிர்வைப் பார்ப்பதற்கென்று பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டுத் தண்டை ஓடவிடுவது பெருந்தவறு. 540 சுற்று என்பது விநாடிக்கு 9 சுற்று. வேட்டி நுனியோ, துண்டோ, புடவைத் தலைப்போ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ளவும் அவகாசம் இராது. உடைந்த உறையை மாற்ற ஆகும் செலவு அற்பமே. இழந்த கையை மீட்க வழியில்லை. வாடகை டிராக்டர்கள் வயலில் இறங்குமுன், உறை முழுமையாக உள்ளதா என்று நிலச்சொந்தக்காரர்கள் பார்ப்பதும், கிராம அதிகாரிகள் இதனை யாவருக்கும் எடுத்துரைப்பதும் நன்மை பயக்கும்.