கறவை மாடுகளில் காசநோய்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (விலங்கியல்)

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தொழிற்சாலைச் சங்கு ஊதுமுன்பே பால் கறக்கும் வேலை தொடங்கிவிடும். வீட்டில் ஒருவர் சிப்காட்டுக்கு ஷிப்டு வேலைக்குப் போக, மற்றவர் இரண்டு மூன்று கலப்பினப் பசுக்களைப் பார்த்துக்கொள்வது இங்கு வழக்கம். 1824இல் குதிரைப் பண்ணையாகத் தொடங்கிய ஓசூர் கால்நடைப் பண்ணை அமைந்த மண் இது. இத்தகைய வீட்டுப் பசு ஒன்றுக்குக் காசநோய்த் தொற்று இருப்பதாகச் சோதனையில் தெரிந்தால் என்ன செய்வது என்பதை ஈண்டுக் காண்போம்.

நோயும் கிருமியும்

மனிதரின் காசநோய்க் கிருமியை 1882இல் இராபர்ட் காக் கண்டறிந்தார். மாட்டைத் தாக்குவது பெரும்பாலும் அதன் உறவுக் கிருமியான மைக்கோபாக்டீரியம் போவிஸ். நம் குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி. தடுப்பு மருந்து இந்த மாட்டுக் கிருமியை வலுவிழக்கச் செய்து ஆக்கப்பட்டதே. நோய் மூச்சின் வழியாகவும் காய்ச்சாத பாலின் வழியாகவும் பரவும். நோயுற்ற மாடு நெடுநாள் நன்றாகவே தோன்றும். இருமலும் மெலிவும் பிற்பாடே வரும். இந்திய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2018இல் வெளியான கட்டுரை ஒன்று, நம் நாட்டு மாடுகளில் ஏறத்தாழ 7.3 விழுக்காட்டுக்கு இத்தொற்று இருக்கலாம் என மதிப்பிட்டது.

சோதனை

கால்நடை மருத்துவர் மாட்டின் கழுத்தில் மயிரை மழித்து, தோலின் தடிமனை அளந்து, 0.1 மி.லி. டியூபர்குலின் மருந்தைத் தோலுக்குள் செலுத்துவார். 72 மணி நேரம் கழித்து மீண்டும் அளப்பார். 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்திருந்தால் தொற்று உண்டு எனக் கொள்வர். ஆயினும் மண்ணில் வாழும் உறவுக் கிருமிகளாலும் இவ்வீக்கம் வரக்கூடும். எனவே பறவை டியூபர்குலினையும் அருகே செலுத்தி ஒப்பிட்டுப் பார்ப்பது நலம். அண்மையில் கன்று ஈன்ற பசுவிலும், நோய் முற்றிய பசுவிலும் வீக்கம் தோன்றாமலே போகலாம். ஆகவே ஒரே சோதனையோடு நின்றுவிடாமல், ஆறு வாரத்துக்குக் குறையாத இடைவெளி விட்டு மறுசோதனை செய்தல் வேண்டும்.

செய்ய வேண்டுவன

பிரிட்டனில் இத்தகைய மாட்டைக் கொன்று, உடையவருக்கு இழப்பீடு தருகின்றனர். தமிழ்நாட்டிலோ பசுவையும் கிடேரியையும் வெட்டுவதை 1976ஆம் ஆண்டு அரசாணை தடுக்கிறது. மருந்து கொடுத்துக் குணப்படுத்தவும் இயலாது. பல மாதச் சிகிச்சை தேவை. பாலில் மருந்து கலக்கும். மருந்துக்கு அடங்காத கிருமிகளும் உருவாகும்.

எஞ்சிய வழி பிரித்து வைத்தல். டென்மார்க்கின் பெர்ன்ஹார்டு பாங் 1892இல் இம்முறையைச் செய்து காட்டினார். தொற்றுள்ள மாடுகளைத் தனிக் கொட்டகையில் வைத்தார். கன்றுகளைப் பிறந்தவுடன் பிரித்துக் காய்ச்சிய பாலில் வளர்த்தார். கன்று பிறவியிலேயே நோயுற்றிருப்பது அரிது என்பதால், சில ஆண்டுகளில் நோயற்ற மந்தை உருவாயிற்று. இதை நாம் பின்வருமாறு கைக்கொள்ளலாம்:

1. தொற்றுள்ள பசுவுக்குத் தனிக் கொட்டகை, தனித் தண்ணீர்த் தொட்டி, தனி வாளி வேண்டும்.
2. அதன் பாலைச் சங்கத்துக்கோ அண்டை வீட்டுக்கோ ஊற்றலாகாது.
3. தொழுவத்தில் வெயிலும் காற்றும் படவேண்டும். தரையை 5 விழுக்காடு பீனால் கரைசலால் கழுவ வேண்டும்.
4. வீட்டார் அனைவரும் அரசு மருத்துவமனையில் சோதித்துக்கொள்ள வேண்டும். மனிதரிடமிருந்தும் மாட்டுக்குக் காசநோய் தொற்றுவதுண்டு.
5. எப்பாலையும் பொங்கக் காய்ச்சியே குடிக்க வேண்டும். 72 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 15 நொடியிலேயே கிருமி மடியும்.

ஏழையின் இக்கட்டு

எழுதுவது எளிது. மூன்று பசுக்களில் ஒன்றின் பால் நின்றால், அந்த வீட்டின் சங்கப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். என் கல்லூரிக் கட்டணமும் அப்பணத்திலிருந்தே வருகிறது. ஆகவே, சத்தமின்றிப் போச்சம்பள்ளிச் சந்தைக்கு ஓட்டிவிடலாம், அல்லது எல்லை தாண்டி ஆனேக்கல் பக்கம் விற்றுவிடலாம் என்று மனம் எண்ணுவது இயல்பே. ஆனால் அத்திப்பள்ளிச் சோதனைச் சாவடி கிருமியை நிறுத்தாது. விற்றவர் வீட்டில் ஒழிந்த நோய் வாங்கியவர் வீட்டுக் குழந்தையிடம் போய்ச் சேரும்.

தொற்று நோய் கண்டால் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். தெரிவித்தவர் மட்டுமே நட்டத்தைச் சுமப்பார் என்றால் யார் தெரிவிப்பார்? பிரித்து வைத்த பசுவுக்குத் தீவனமும், இழந்த பாலுக்கு ஈடும் கிடைத்தால்தான் உண்மை வெளிவரும். அதை அரசும் பால் சங்கங்களும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அறிவியல் பயிலும் நாமோ, நம் தெருவில் மாடு வளர்ப்போரிடம் இவற்றை எளிய சொற்களில் எடுத்துரைப்போமாக.