கொன்றது மின்சாரமா, தண்ணீரா?



எங்க அம்மா உப்பளத்தில் வேலை செய்றாங்க. பாத்தித் தண்ணியில் ஆர்ட்டீமியா என்ற உயிரி நீந்தும், பொடி இறால் மாதிரி இருக்கும். ஒரு பாட்டிலில் பிடித்து வந்தேன். இரண்டு பென்சில் கரியை 9 வோல்ட் பேட்டரியில் இணைத்து அந்தத் தண்ணியில் வைத்தேன். பத்து நிமிடத்தில் எல்லாம் செத்து அடியில் கிடந்தன. "மின்சாரம் உயிரைக் கொல்லும்" என்று நோட்டில் எழுதி, பெருமையாக டீச்சரிடம் காட்டினேன்.

டீச்சர், "வேற டம்ளர்ல உயிரி இல்லாம கரண்ட் விடு. வயரை எடுத்த பிறகு உயிரியை விட்டுப் பாரு" என்றார்கள். செய்தேன். கரண்டே இல்லை, ஆனாலும் செத்தன! சும்மா வைத்த மூன்றாவது டம்ளரில் இருந்தவை நன்றாக நீந்தின. நோட்டில் எழுதியதை அடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். உப்புத் தண்ணியில் மின்சாரம் பாயும்போது நேர்முனையில் குளோரின் உண்டாகிறது. எதிர்முனையில் ஹைட்ரஜன் குமிழி வரும், தண்ணீர் காரமாக மாறும். மஞ்சள் தூள் போட்டால் அந்தப் பக்கம் சிவக்கும். (பிளீச்சிங் பவுடர் வாசம் அடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, டீச்சர் இருக்கும்போது மட்டும் செய்யுங்க!) சாகுபுரம் தொழிற்சாலையில் உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுப்பதும் இதே முறைதான்.

பெரிய விஞ்ஞானியும் இப்படிக் குழம்பியிருக்கார். அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பர்க், பாக்டீரியா வளரும் திரவத்தில் பிளாட்டினக் கம்பி வைத்து மின்சாரம் செலுத்தினார். பாக்டீரியா பிரியாமல் 300 மடங்கு வரை நீண்டுகொண்டே போனது. மின்சாரம்தான் காரணம் என்று முதலில் தோன்றியது. தேடிப் பார்த்தால், கரையாது என்று நம்பிய பிளாட்டினம் துளித்துளியாகக் கரைந்து, திரவத்திலிருந்த அம்மோனியம் குளோரைடோடு சேர்ந்திருக்கு! இதை 1965-இல் வெளியிட்டார். செல் பிரிவதைத் தடுக்கும் அந்தப் பொருள்தான் சிஸ்பிளாட்டின். 1978-இல் அங்கே புற்றுநோய் மருந்தாக அனுமதி கிடைத்தது.

எங்க அத்தைக்குச் சினைப்பையில் புற்றுநோய். பெரியாஸ்பத்திரியில் டிரிப்ஸ் பாட்டிலில் ஏற்றினது இந்த மருந்துதான். அத்தை ரொம்ப வாந்தி எடுத்தாங்க. இப்போ வீட்டில் இருக்காங்க.

இப்போ செல்களுக்கு மின்சாரம் கொடுத்து ஆராய்பவர்கள் பலர் கம்பியைச் செல் இருக்கும் தட்டில் வைப்பதில்லை. கம்பியைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, உப்பு கலந்த அகர் ஜெல்லி நிரப்பிய குழாயால் இணைக்கிறார்கள். மின்சாரம் போகும், கம்பியில் உண்டாகும் கெட்டது சீக்கிரம் வந்து சேராது. நம்ம மன்னார் வளைகுடாவில் பெண்கள் முங்கி எடுக்கும் பாசியிலிருந்துகூட அகர் செய்றாங்க.

நானும் குழாய் வைத்துச் செய்து பார்க்கப் போறேன். அம்மாகிட்ட இன்னொரு பாட்டில் ஆர்ட்டீமியா கேட்டிருக்கேன்.

- 9ஆம் வகுப்பு மாணவி