லேசர் பணிக்குரிய காப்புக் கண்ணாடி
மொன்றியல் பட்டறைகளில் உலோகத் தகடு வெட்டவும் பற்றவைக்கவும் பயன்படும் ஃபைபர் லேசரின் ஒளி, ஏறத்தாழ 1,070 நானோமீட்டர் அலைநீளமுடையது, கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே இமை தானாக மூடாது. விழித்திரை வலியின்றியே கருகக்கூடும். கறுப்புக் கண்ணாடி போதும் என்பது தவறான நம்பிக்கை. நோக்க வேண்டியது நிறத்தையன்று. கண்ணாடிமேல் பொறித்துள்ள அலைநீள எல்லையையும் ‘ஓ.டி.’ எனும் ஒளியடர்த்தி எண்ணையுமே. அவ்வெண் 6 எனில், பத்து இலட்சத்தில் ஒரு பங்கு ஒளியே ஊடுருவும். 10,600 நானோமீட்டருக்கெனச் செய்யப்பட்ட, கரியமிலவாயு லேசருக்குரிய கண்ணாடியை இங்கு நம்பலாகாது. எவ்வளவு எண் தேவை என்பது இயந்திரத்தின் ஆற்றலைப் பொறுத்தது. கையேட்டைக் கேட்டுப் பார்த்தல் நன்று. கீறல் விழுந்ததை அணியலாகாது. கியூபெக் சட்டப்படி, தொழில்தருநரே இக்கண்ணாடியை இலவசமாக வழங்கக் கடமைப்பட்டவர். பணியில் ஆபத்து உண்டென நம்பத் தக்க காரணமிருப்பின், அப்பணியை மறுக்கும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு.