'டக்' என்ற சத்தம் மட்டும்

எங்கள் வாப்பா பாடசாலை வேன் ஓட்டுகிறார். நிந்தவூரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காரைதீவு, சாய்ந்தமருது வழியாகக் கல்முனைக்குப் போகும் டீசல் வேன். என்னைவிட அதற்கு வயது அதிகம். சென்ற வருடம் தவணைப் பரீட்சை தொடங்கிய அன்று காலையில் வாப்பா திறப்பைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது, எஞ்சின் சுழலவில்லை. மறுபடி திருப்பினார், மறுபடி 'டக்'. ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிவிட்டது. அன்று 14 பிள்ளைகள் பரீட்சைக்குப் பிந்திப் போனார்கள். மாலையில் இரண்டு பெற்றோர் தொலைபேசியில் என்ன பேசினார்கள் என்று வாப்பா சொல்லவில்லை. இரவுச் சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார்.

அடுத்த நாளே தவணைக் கடனில் புதுப் பற்றரி வாங்கிப் போட்டார். 4 நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் பழையபடி 'டக்'. ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். அங்கே 20 தடவை திருப்பியும் ஒருமுறைகூடக் கோளாறு காட்டவில்லை. "எதுக்கும் ஸ்டார்ட்டரை முழுசா மாத்துங்க" என்றார்கள். விலையைக் கேட்டுவிட்டு வாப்பா பேசாமல் திரும்பி வந்தார்.

நான் அப்போது தரம் 12. பௌதிகவியலில் மின்னோட்டம் படித்து முடித்திருந்தோம். விட்டுவிட்டு வரும் கோளாறை, அது வராத நேரத்தில் சோதித்துப் பயனில்லை என்பது மட்டும் எனக்கு விளங்கியது. ஆகவே ஒரு கொப்பி எடுத்து, ஒவ்வொரு நாளும் நேரம், எஞ்சின் சூடா குளிரா, என்ன சத்தம், திறப்பைத் திருப்பும்போது ஹெட்லைற் மங்குகிறதா என்று எழுதத் தொடங்கினேன். ஹெட்லைற்றைப் போட்டுவிட்டுத் திருப்பும்படி வாப்பாவிடம் சொல்லியிருந்தேன்.

அந்த ஹெட்லைற் சோதனைக்குக் காசு தேவையில்லை. ஆனால் அது நிறையச் சொல்லும். திருப்பியதும் வெளிச்சம் செத்துப்போனால் பற்றரி பலவீனம், அல்லது அதன் முனைகளில், தடித்த வயர்களில் தொடுப்புச் சரியில்லை. வெளிச்சம் அப்படியே இருந்து சத்தமும் இல்லையென்றால், திறப்பின் கட்டளை ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவில்லை. எங்களுடையது இரண்டுமல்ல. சத்தம் வந்தது, வெளிச்சமோ மங்கவில்லை. கட்டளை போய்ச் சேர்ந்தும் பெரிய மின்னோட்டம் பாயவில்லை.

இவ்வளவும் எழுதி வைத்துக்கொண்டே நான் ஒரு பிழை செய்தேன். பற்றரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்ததைக் கண்டதும் அதுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். 0.01 ஓம் என்ற மிகச் சிறிய தடைகூட 200 அம்பியர் பாயும்போது 2 வோல்ற்றைத் தின்றுவிடும்; அதே தடை 10 அம்பியர் எடுக்கும் விளக்குகளுக்கு 0.1 வோல்ற்றுத்தான். இந்தக் கணக்கைச் சொல்லி, சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்துச் சுத்தமாக்கினோம். 3 நாள் ஒழுங்காக ஓடியது. வீட்டில் எல்லோரிடமும் பெருமை பேசினேன். நான்காம் நாள் 'டக்'. கணக்குச் சரி, இடம்தான் பிழை. பெரிய ஓட்டம் பாய்ந்து முனையில் அழுத்தம் இழந்திருந்தால் வெளிச்சமும் மங்கியிருக்க வேண்டுமே! என் கொப்பியே அதை மறுத்திருந்தது.

பிறகுதான் ஸ்டார்ட்டரின் உள்ளே நடப்பதைத் தேடிப் படித்தேன். திறப்பிலிருந்து வரும் மெல்லிய வயரின் மின்னோட்டம் சொலனொயிட் என்ற கம்பிச் சுருளை மின்காந்தமாக்கும். அது ஓர் இரும்புத் தண்டை உள்ளே இழுக்கும். தண்டின் நுனியிலுள்ள செப்புத் தட்டு இரண்டு செப்புக் கட்டிகளில் போய் ஒட்டும். அப்போதுதான் பற்றரியின் முழு ஓட்டமும் மோட்டருக்குப் பாயும். 'டக்' என்பது தண்டு நகரும் சத்தம். தட்டுக் கட்டிகளைத் தொட்டது என்பதற்கு அது சாட்சியல்ல! ஒவ்வொரு தடவையும் தீப்பொறி பறந்து செம்பு தேயும். தட்டு மெல்லச் சுழலக்கூடியது என்பதால் ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடம் வந்து படும். நல்ல இடம் பட்டால் ஸ்டார்ட், தேய்ந்த இடம் பட்டால் 'டக்'.

இதை நிரூபிக்க வேண்டும். பாடசாலை ஓட்டம் முடிந்த மாலைகளில், கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சில்லுக்குக் கல் வைத்தோம். பற்றரியின் மறை முனையைக் கழற்றிய பிறகே வாப்பா கீழே படுத்து, ஸ்டார்ட்டரின் இரண்டு தடித்த முனைகளிலும் பல்மானியின் கிளிப்புகளை மாட்டினார். அந்த வயருக்கு இடையில் பியூஸ் கிடையாது. ஸ்பனர் பட்டால் நெருப்புத்தான். பல்மானியை வோல்ற்றில் மட்டுமே வைக்க வேண்டும். சாதாரண பல்மானி 10 அம்பியர்தான் தாங்கும்.

திருப்பாதபோது 12 வோல்ற்றுக்குச் சற்று மேல் காட்டியது. எஞ்சின் சுழலும்போது ஏறக்குறைய பூச்சியமாக விழுந்தது. இரண்டு மாலைகள் இப்படியே நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. மூன்றாம் நாள், "இண்டைக்கும் வராது போல மகள்" என்று வாப்பா சொல்லிக்கொண்டே திருப்ப, 'டக்'.

"விடாதீங்க வாப்பா, கொஞ்சம் அப்படியே புடிங்க!"

11.9 காட்டியது. தண்டு நகர்ந்தும் முனைகளுக்கிடையே அழுத்தம் விழவில்லை. செப்புகள் ஒட்டவில்லை. மோட்டரின் காபன் பிரஷ்கள் தேய்ந்து சுற்று அறுந்திருந்தால் இந்த 11.9 தெரிந்திருக்காது, ஆகவே மோட்டரில் குற்றமில்லை.

கொப்பியையும் எடுத்துக்கொண்டு வேறொரு எலக்ட்ரிக் பாஸிடம் போனோம். முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தார். பக்கங்களைப் புரட்டிய பிறகு சிரிக்கவில்லை. திறந்து பார்த்தபோது ஒரு கட்டி பாதிக்குமேல் தேய்ந்திருந்தது. கட்டிகள் இரண்டையும் தண்டையும் மாற்றினார். ஸ்டார்ட்டர் பழையதுதான்.

அதற்குப் பிறகு வேன் ஒருநாளும் பிந்தவில்லை. தேவையில்லாமல் வாங்கிய பற்றரியின் கடைசித் தவணையைச் சென்ற மாதம்தான் கட்டி முடித்தோம்.