ஒரு வீட்டில் இரு மத்ஹப், இரு பாஷை

ஒரகடம் தொழிற்சாலைகளை நம்பி ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் குடியேறிய நம்மவர் வீடொன்றை எடுத்துக்கொள்வோம். தகப்பனார் உர்து பேசும் ஆம்பூர் ஹனபி. தாயார் தமிழ் பேசும் காயல்பட்டினத்து ஷாபிஈ. உம்மா ஸுப்ஹில் குனூத் ஓதுகிறார். தகப்பனாருக்கோ குனூத் வித்ரில்தான். "யார் தொழுவது சரி?" என்று பிள்ளை கேட்கிறது.

"அது உம்மா ஊர்ப் பழக்கம்" என்று இளக்காரமாகச் சொல்லிவிடக் கூடாது. இரண்டும் சரியே. இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் பக்தாதில், இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் கப்ருக்கருகில் ஸுப்ஹு தொழுதபோது, அன்னாருக்கு மரியாதையாகக் குனூத்தை விட்டார்கள் என்று கிதாபுகளில் வருகிறது. இமாமுக்கே இல்லாத பிடிவாதம் நமக்கேன்?

பாஷை விஷயம்தான் சங்கடம். மத்ஹபின் மஸ்அலாக்களை மதரஸாவில் ஓதிக்கொள்ளலாம். ஷிப்டு முடிந்து அசதியோடு வரும் தகப்பனார் தமிழிலேயே பேசி முடித்துவிட்டால், பிள்ளைக்கு உர்து எங்கிருந்து வரும்? ஆம்பூரிலிருந்து தாதிமா போனில் ஸலாம் சொன்னால், பதில் ஸலாமுக்குப்பின் பிள்ளை வாயடைத்து நிற்கிறது. அந்த மூதாட்டியின் மனம் என்ன பாடுபடும்!

பாஷைகள் வேறுபடுவதும் தன் அத்தாட்சிகளில் ஒன்றென அல்லாஹ் ரூம் சூராவில் (30:22) அறிவிக்கிறான். பிள்ளை தமிழில் பதில் சொன்னாலும் தகப்பனார் உர்துவை விடாமல் பேசிவரட்டும். தாயாரும் தம் ஊர்ப் பெண்கள் ஓதும் மாலைகளைப் பிள்ளையின் காதில் போட்டு வைக்கட்டும். வெள்ளிக்கிழமைதோறும் தாதிமாவுக்குப் பிள்ளையே போன் செய்யட்டும். தப்பும் தவறுமாகப் பேசினாலும் பரவாயில்லை.