பழைய வீட்டுக்குப் புது ஜன்னல்

சங்கரன்கோவில் பழைய தெருக்களில் சுண்ணாம்புச் சாந்துச் சுவர் வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'ஜன்னல்தானே, பேத்துட்டுப் புதுசு மாட்டிடலாம்' என்பார்கள். கொஞ்சம் பொறுங்க! அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் ஜன்னலுக்கு மேல் கான்கிரீட் லிண்டல் கிடையாது; மரக்கட்டையோ செங்கல் வளைவோதான். அது தளர்ந்திருந்தால் சுவரின் பாரம் ஜன்னல் நிலையில் இறங்கியிருக்கும். முட்டுக் கொடுக்காமல் நிலையைப் பெயர்த்தால் மேல்சுவரே சரியலாம்.

ஆசாரியோ அலுமினியம் பிட்டரோ, நம்பகமான ஆளை நான் இப்படித்தான் எடை போடுவேன். ரேட் பேசுமுன் அவர் லிண்டலைப் பார்க்கணும். அகலம், உயரம் இரண்டையும் மும்மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவை எடுக்கணும். மூலைவிட்டங்கள் சமமா என்று சரிபார்க்கணும். கரையான் தொடாத தேக்கு நிலை என்றால், 'கதவை மட்டும் மாத்துங்க, போதும்' என்று அவரே சொல்லணும். டேப்பை எடுக்காமலே ரேட் சொல்கிறவருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீங்க!