ரேகன்ஸ்புர்க்கில் எந்த ராணி?

ஜெர்மனியின் பவேரியாவில், தன்யூப் கரையில் இருக்கும் ரேகன்ஸ்புர்க் நகரைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு கதை வந்து குதிக்கிறது. ரோமானியர் வைத்த பெயர் 'காஸ்ட்ரா ரெகினா'. லத்தீனில் 'ரெகினா' என்றால் அரசி. ஆகவே இது 'ராணியின் பாசறை'யாம்! அகராதியில் ஒரு சொல்லைப் பார்த்ததும் ஆராய்ச்சியை மூட்டை கட்டியவர்களின் கதை இது.

எந்த ராணி? கதை சொல்பவர்களிடம் பதில் இல்லை. கோட்டை எழுந்தது கி.பி. 179இல். வாயில் கல்வெட்டில் இருப்பவை பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸ், அவர் மகன் கொம்மோடஸ் ஆகியோரின் பெயர்கள். மார்க்கஸின் மனைவி ஃபவுஸ்டினா அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார். இருந்திருந்தாலும் அவரை யாரும் 'ரெகினா' என்று பொறித்திருக்க மாட்டார்கள். கி.மு. 509இல் மன்னரை விரட்டியதாகப் பெருமைப்பட்ட ரோமில் 'அரசன்' என்பதே வெறுப்புக்குரிய சொல். பேரரசரின் மனைவிக்கு உரிய பட்டம் 'அவுகுஸ்டா'. 'ரெகினா' என்பது கிளியோபாத்ரா போன்ற அயல்நாட்டு அரசியரைக் குறித்தது.

உண்மை எளியது. பவேரியக் காட்டிலிருந்து இறங்கும் ரேகன் ஆறு, கோட்டை நின்ற இடத்துக்கு எதிர்க்கரையில் தன்யூபில் கலக்கிறது. அந்த ஆற்றின் பெயரே லத்தீன் நாக்கில் 'ரெகினா' ஆனது. பழைய ரோமானிய வழிப்பட்டியலில் ஊர் 'ரெகினோ' என்றே இருக்கிறது. 'புர்க்' என்றால் கோட்டை. ரேகன் ஆற்றுக் கோட்டை, அவ்வளவுதான்.

இன்றைய ஜெர்மனில் 'ரேகன்' என்றால் மழையும்தான். அதைப் பிடித்துக்கொண்டு 'மழைக்கோட்டை' என்பவர்களும் உண்டு. ஆற்றை மறந்துவிட்டு வானத்தைப் பார்ப்பவர்கள்!

மற்ற ஜெர்மன் ஊர்ப்பெயர்கள் இவ்வளவு பாடு படுத்துவதில்லை. கொலோன் நகருக்கு வாசனைத் தைலம் பெயர் தரவில்லை. கி.பி. 50இல் ரோமானியக் 'கொலோனியா' ஆன ஊர் அது. தைலத் தொழில் அங்கே தொடங்கியதோ 1709இல். கோப்லென்ஸ், 'கொன்ஃப்ளுவென்டெஸ்' என்ற லத்தீன் சொல்லின் தேய்வு. மோசெல் ரைனில் கலக்கும் கூடல். பெர்லின் கொடியில் கரடி நிற்கிறது. பெயரோ சதுப்பு நிலத்தைக் குறிக்கும் ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்தது.

பயணக் கட்டுரை எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஊர்ப்பெயருக்குப் பொருள் சொல்லும் முன் அதன் மிகப் பழைய எழுத்து வடிவத்தைத் தேடுங்கள், பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயரையும் கேளுங்கள். ரேகன்ஸ்புர்க் போனால் அங்குள்ள வரலாற்று அருங்காட்சியகத்தில் அந்த 179ஆம் ஆண்டுக் கல்லை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.